பாட்டு எழுதத் தூண்டுவது எது, முடிக்க வைப்பது எது?

பாட்டு எழுதுகிற எவரிடமாவது ‘ஏன் எழுதுகிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘மனசில் இருப்பதைக் கொட்டத்தான்’ என்பார். பொய்யில்லை, ஆனால் பாதிப் பதில். மனசில் இருப்பது பேனாவை எடுக்க வைக்கும். பாட்டை முடிக்க வைக்காது. எழுத ஆசைப்படுகிற பலரின் நோட்டிலும் போனிலும் நாலு வரிப் பல்லவிகள் ஏராளமாகக் கிடக்கும். இரண்டாவது சரணம்வரை போய்ச் சேர்ந்தவை ஒன்றிரண்டுதான் இருக்கும். தொடங்க வைக்கும் உந்துதலும் முடிக்க வைக்கும் உந்துதலும் ஒன்றல்ல என்பதே இதற்குக் காரணம்.

இன்னொன்றும் உண்டு. எதற்காக எழுதுகிறோம் என்பதுதான் பாட்டின் நீளம், வரியமைப்பு, மெட்டு ஏறும் உயரம், அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு காரியத்துக்காகப் பிறந்த பாட்டை வேறு காரியத்துக்கு அனுப்பும்போதுதான் நிறையப் பாட்டுகள் சொதப்புகின்றன. ஆகவே ‘ஏன் எழுதுகிறேன்’ என்பது தத்துவக் கேள்வி இல்லை, தொழில் கேள்வி.

வேலைக்காகப் பிறந்தவை

இதை வேலைப் பாட்டுகளைப் போலத் தெளிவாகக் காட்டுபவை வேறில்லை. 19ஆம் நூற்றாண்டின் பாய்மரக் கப்பல்களில் மாலுமிகள் பாடியவற்றை எடுத்துக்கொள்ளலாம். பாயை மேலே ஏற்றக் கயிறு இழுக்கும்போது, முன்பாட்டுக்காரர் ஒரு வரி தனியாகப் பாடுவார். மற்றவர்கள் எதிர்வரி பாடுவார்கள். அந்த எதிர்வரியில் அழுத்தம் விழும் இடத்தில், பெரும்பாலும் இரண்டு முறை, எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். தனி வரி வரும்போது கைகளுக்கு ஓய்வு. நங்கூரச் சங்கிலியைச் சுற்றி ஏற்றும் உருளையைத் தள்ளிக்கொண்டு நடக்கும் வேலை அப்படியில்லை. அது விட்டு விட்டு இழுப்பதல்ல, தொடர்ந்து நடப்பது. அதனால் அந்தப் பாட்டுகளுக்கு நீண்ட கோரஸ். வேலை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், சரணங்கள் எங்கு வேண்டுமானாலும் கழற்றி மாட்டக்கூடியவையாக இருந்தன. பாய் ஏறிவிட்டால் பாட்டு பாதியிலேயே நிற்கும்.

இங்கே யாரும் மனசைக் கொட்ட உட்காரவில்லை. ஆனாலும் அந்தத் தனி வரிகளுக்குள் கேப்டன்மீது இருந்த கோபம், சோற்றின் தரம், கூலி, கரையில் விட்டு வந்தவர்கள் எல்லாம் நுழைந்துவிட்டன. காரணம் எளிது: எதிர்வரி மாறாதது, தனி வரியோ காலியாக இருந்தது. அதை எதையாவது கொண்டு நிரப்பியாக வேண்டும். மனக்குமுறல் பாட்டை உண்டாக்கவில்லை. பாட்டு திறந்து வைத்த காலி இடத்தில் மனக்குமுறல் வந்து உட்கார்ந்தது. பாட்டு எழுதும் கலையில் இந்த வரிசை திரும்பத் திரும்ப வரும்.

தாலாட்டும் அப்படித்தான். அதன் வேலை குழந்தையைத் தூங்க வைப்பது. ஒரே சீரான அசைவு, குறுகிய சுர எல்லை, திரும்பத் திரும்ப வரும் வரி, அவ்வளவு போதும். சொற்கள் என்னவாக இருந்தாலும் குழந்தைக்குக் கவலையில்லை. இதனாலேயே பல மொழித் தாலாட்டுகளில் தாயின் மனக்குறைகள் நிறைந்திருக்கின்றன. ஸ்பெயின் கவிஞர் லோர்கா 1928இல் தன் நாட்டுத் தாலாட்டுகளைப் பற்றி ஆற்றிய உரையில், அவற்றின் சோகத்தைத்தான் முதன்மையாக எடுத்துப் பேசினார். வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பாட்டாகச் சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ‘பாட்டுத்தானே’ என்று தப்பிக்கலாம். எழுதத் தூண்டும் காரணங்களில் இந்த அனுமதிக்கு இருக்கும் பங்கைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நேரில் ‘நீ செய்தது சரியில்லை’ என்று சொல்லத் துணியாதவர் அதையே மூன்று நிமிடம் ராகத்தோடு சொல்லிவிடுவார். பாட்டில் வரும் ‘நான்’ எழுதியவரா, பாடுபவரா, கற்பனை ஆளா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

கொட்டுவதும் கோர்ப்பதும்

இனி, மிகவும் பரவலான காரணத்துக்கு வருவோம்: பிரிவு, இழப்பு, காதல். வலி வந்தால் எழுதத் தோன்றுவது இயல்பு, எழுதினால் நல்லது என்பதற்கு ஆய்வுகளும் உண்டு. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்களை உலுக்கிய சம்பவத்தையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு இன்னும் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது அவர்களிடம் குறைந்திருந்தது.

பாட்டு எழுதுகிறவர் இதில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அந்த மாணவர்கள் எழுதியது யாருக்கும் படித்துக் காட்ட அல்ல. அழகு, ஓசை, முடிவு எதுவும் தேவைப்படவில்லை. எழுதியவருக்குப் பயன்படும் எழுத்து அது. கேட்பவருக்கு அதே எழுத்தைக் கொடுத்தால், ‘பாவம்’ என்பாரே தவிர, தானும் கூடச் சேர்ந்து பாட மாட்டார். முதல் பாட்டுகள் பல சறுக்குவது இங்கேதான். வலி எழுதியவருக்குத் தெரியும், அதனால் ‘வலி’ என்று எழுதினாலே அவருக்குக் கண் கலங்குகிறது. கேட்பவருக்கோ அது வெறும் சொல்.

சரியான வழி இரண்டு வேலைகளையும் பிரித்துச் செய்வது. முதலில் வரி பிரிக்காமல், எதுகை மோனை பார்க்காமல், உரைநடையாக ஒரு கால் மணி நேரம் கொட்டிவிட வேண்டும். அதை ஓரிரு நாள் தொடக்கூடாது. பிறகு எடுத்து, உணர்ச்சியின் பெயர்களை (வலி, ஏக்கம், தனிமை, தவிப்பு) அடித்துவிட்டு, பொருள்கள், நேரம், இடம், யாரோ சொன்ன வாக்கியம் இவற்றை மட்டும் கோடிட வேண்டும். ஒரு பக்கக் கொட்டலில் இப்படி ஐந்தாறு தேறினாலே போதும். பாட்டுக்குச் சரக்கு அவைதான்.

ஒரு சந்தத்தை வைத்துப் பார்ப்போம். மெட்டு இப்படிப் போகிறது: தனனான தானா தனனான தானா. இதில் முதலில் வந்து விழக்கூடிய வரி:

வலிதந்து போனாய் தனியாக வாழ்ந்தேன்

சந்தம் துல்லியமாகப் பொருந்துகிறது. தப்பென்று எதையும் காட்ட முடியாது. அதனாலேயே இது ஆபத்தான வரி. பொருந்திவிட்டது என்பதற்காகவே அங்கேயே தங்கிவிடும். இதைப் பாருங்கள்:

மழைநின்ற வேளை மனமெங்கும் ஈரம்

அதே சந்தம். பாடும்போது ‘மனமெங்கு மீரம்’ என்று ஒட்டிக்கொண்டு இன்னும் வழுக்கிப் போகும். ஒரு காட்சி வந்துவிட்டது, ஆனால் மழையும் மனமும் ஈரமும் பலமுறை புழங்கிய சொற்கள். கோடிட்டு வைத்த பொருளிலிருந்து எடுத்தால்:

இருகோப்பை வைத்தேன் ஒருகோப்பை மீதம்

இதில் வலி என்ற சொல்லே இல்லை. பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பை எடுத்து வைத்த கை தெரிகிறது, போனவர் போய் எத்தனை நாளாகியிருக்கும் என்ற கேள்வி எழுகிறது. கேட்பவர் தன் வீட்டுக் கோப்பையை நினைத்துக்கொள்வார். மூன்று வரிக்கும் எழுத்தளவு ஏறக்குறைய ஒன்றுதான்; தூண்டுதலும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் எதுகை மோனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழில் எதுகை எளிதாகக் கிடைக்கும். நெஞ்சம் என்று ஒரு வரி தொடங்கினால் மஞ்சமும் தஞ்சமும் கூப்பிடாமலே வந்து நிற்கும். காதல் வந்தால் மோதல் வரும். இந்தச் சொற்கள் வரும்போது எழுதுவது நீங்கள் இல்லை, எதுகை எழுதுகிறது. எதுகைக்கு வந்த சொல் கதையையே வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவதைப் பல பாட்டுகளில் சரணத்தின் மூன்றாம் வரியில் காணலாம்.

மெட்டு விடாமல் துரத்தும்போது

எல்லாருக்கும் உணர்ச்சியிலிருந்து பாட்டு தொடங்குவதில்லை. சிலருக்கு முதலில் வருவது ஒரு மெட்டுத் துண்டு. ஏழெட்டு சுரம், பெரும்பாலும் கை வேறு வேலையில் இருக்கும்போது வரும். அதற்கு அர்த்தம் எதுவும் இருக்காது. அது விடாமல் சுற்றுகிறது, சுற்றுவதை நிறுத்த அதை முழுமையாக்க வேண்டியிருக்கிறது. இந்த வகை எழுத்தாளருக்குத் தூண்டுதல் புதிர் போடுகிறவருடையது போன்றது: எது சரியாகப் பொருந்தும்?

இங்கே முதல் விதி, உடனே பதிவு செய்வது. மெட்டு மறப்பதைவிட மோசமானது அது மாறிப்போவது. ஒரு மணி நேரத்தில் தெரிந்த பாட்டு ஒன்றின் வளைவுக்குள் தானாகச் சரிந்துவிடும். தத்தகாரமாகவோ (‘தனனான’ போன்ற ஒலிகளில்) அர்த்தமில்லாத டம்மி வரிகளாகவோ பாடிப் பதிந்துகொண்டால், எங்கே மூச்சு விட்டோம், எந்த உயிரெழுத்து வாயில் தானாக வந்தது என்பதும் சேர்ந்து பதிவாகும். உச்ச சுரத்தில் ‘லாலா’ என்று வாய் போயிருந்தால், பிறகு எழுதும் சொல்லிலும் அங்கே ‘ஆ’ ஒலி இருப்பது நல்லது. பெரும்பாலான குரல்களுக்கு மேல் சுரங்களில் ஆ, ஓ எளிது. ஈயும் ஊவும் குரலை நெருக்கும்.

மெட்டுக்கு எழுதும்போது தமிழில் வரும் பெரிய சிக்கல் குறில் நெடில். நீண்ட சுரம் ஒரு குறிலின்மேல் விழுந்தால் சொல்லே மாறிவிடும். ‘படம்’ என்று எழுதியிருப்பீர்கள், கேட்பவர் காதில் ‘பாடம்’ விழும். வரம் வாரமாகும், மலை மாலையாகும். பாடகர் மேல் பழி போட்டுப் பயனில்லை. தாளம் அப்படி இழுக்கிறது. நீளும் இடத்தில் நெடில் உள்ள சொல்லைப் போடலாம். அல்லது ‘நெஞ்’, ‘தென்’ போல மெல்லின, இடையின மெய்யில் அடையும் அசையைப் போட்டால், பாடுபவர் அந்த மெய்யில் குரலை நிறுத்தி ரீங்காரமாக நீட்டிக்கொள்வார். ‘பட்’, ‘கற்’ போன்ற அசைகள் அங்கே உதவாது. வல்லின மெய் வந்ததும் காற்று அடைபட்டு ஓசை அறுந்துவிடும்.

எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நிமிடத்துக்கு 90 தட்டு, நாலு எண்ணிக்கைத் தாளம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 2.67 வினாடி. இரண்டு சுற்றுக்கு ஒரு வரி என்றால் ஒரு வரிக்கு ஐந்தரை வினாடிகூட இல்லை. எட்டுச் சுற்றுப் பல்லவியில் நாலு வரி. பதினாறு சுற்றுச் சரணம் இரண்டு, அதாவது பதினாறு வரி. முன்னிசை, இடையிசை, திரும்ப வரும் பல்லவி எல்லாம் சேர்த்தால் நூற்றுச் சொச்சம் சுற்று, நாலரை நிமிடம். ஆனால் புதிதாக எழுத வேண்டியது இருபது வரி, வரிக்கு நாலு சொல் வீதம் எண்பது சொல்தான். இந்த எண்பது சொல்லுக்குள் வாழ்க்கை வரலாற்றைத் திணிக்கப் பார்ப்பதும், நாலு நிமிடத்துக்குச் சரக்கு இல்லையே என்று பயப்படுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

பணமும் கெடுவும்

காசுக்கு எழுதினால் கலை கெடும் என்ற நம்பிக்கை பரவலானது. நடந்தவை அதை முழுதாக ஆதரிக்கவில்லை. 1950களின் இறுதியிலும் 60களின் தொடக்கத்திலும் நியூயார்க்கின் பிராட்வே தெருவில் இருந்த பிரில் பில்டிங்கிலும் அதன் அக்கம்பக்கத்திலும், இருபது வயதைத் தாண்டாதவர்கள்கூட இரண்டிரண்டு பேராகச் சிறு அறைகளில் பியானோவோடு உட்கார்ந்து சம்பளத்துக்கு எழுதினார்கள். பக்கத்து அறையின் மெட்டு சுவரைத் தாண்டிக் கேட்கும். இன்ன பாடகருக்கு அடுத்த பாட்டு வேண்டும் என்ற தேவை முன்னால் நிற்கும். இன்றும் உயிரோடிருக்கும் பல பாட்டுகள் அங்கிருந்து வந்தவை.

காரணம், அந்தத் தேவை பணத்தை மட்டும் தரவில்லை, வரம்பையும் தந்தது. இந்தக் குரல், இந்தச் சுர எல்லை, இந்தக் கிழமைக்குள், இந்த உணர்ச்சி. எதையும் எழுதலாம் என்று உட்கார்ந்தவர் முதல் வரிக்கே மூன்று நாள் யோசிப்பார். ‘கோபித்துக்கொண்டு போனவள் திரும்பி வரும்போது கதவருகே பாடுவது’ என்று கேட்கப்பட்டவர் அன்று மாலையே ஏதாவது வைத்திருப்பார். பாட்டை முடிக்க வைக்கும் உந்துதல் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. யாரும் கேட்காதவர் தனக்குத்தானே கெடு வைத்துக்கொள்வது பலிப்பதில்லை, மீறினால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால். ஒரு பாடகரிடம் தேதி சொல்லிவிடுவது பலிக்கும்.

ஆனால் பணத்தை எப்போது நினைக்கிறோம் என்பது முக்கியம். உளவியலாளர் தெரேசா அமபிலே 1985இல் வெளியிட்ட ஆய்வில் 72 இளம் எழுத்தாளர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினரிடம், எழுதுவதில் கிடைக்கும் இன்பம் சார்ந்த காரணங்களைப் படித்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம் பணம், புகழ், பிழைப்பு போன்ற காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். பிறகு எல்லாரும் ஹைக்கூ போன்ற ஒரு சிறு கவிதை எழுதினார்கள். யார் எந்தப் பிரிவு என்று அறியாத கவிஞர்கள் அவற்றை மதிப்பிட்டபோது, வெளிக்காரணங்களை நினைத்துவிட்டு எழுதியவர்களின் கவிதைகள் தரம் குறைந்தவையாக இருந்தன. யாருக்கும் காசு கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. சற்று நேரம் அதை நினைத்ததே போதுமாக இருந்தது. எனவே பேரத்தை எழுதும் நாளுக்கு முன்பே முடித்துவிடுவது உத்தமம். இருவர் சேர்ந்து எழுதினால் பங்கு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டு ஓடிய பிறகு யார் எந்த வரியைச் சொன்னார் என்பது இருவருக்கும் வெவ்வேறாகவே நினைவிருக்கும்.

பாட்டால் தொடர்ந்து பிழைக்கலாம் என்ற நிலை வந்ததே ஒரு சண்டையால்தான். 1847இல் பாரிஸில், எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் ஒரு காபிக் கடையில் தன் பாட்டு பாடப்படுவதைக் கேட்டார். என் உழைப்புக்கு நீங்கள் காசு தராதபோது நான் குடித்ததற்கு ஏன் தர வேண்டும் என்று பில்லைக் கட்ட மறுத்தார். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. அதைத் தொடர்ந்து 1851இல் பிரான்ஸில், பொது இடங்களில் வாசிக்கப்படும் பாட்டுகளுக்கு ஊதியம் வசூலிக்கும் ‘சாசெம்’ சங்கம் உருவானது. இந்த வருமானம் முதல் பாட்டுக்குத் தூண்டுதலாக அமைவது அரிது. வேறு வேலைக்குப் போய்விடாமல் ஐம்பதாவது பாட்டுவரை ஒருவரை நிறுத்தி வைப்பது அதுதான்.

கூட்டம் பாட வேண்டியவை

போராட்டத்துக்கும் வழிபாட்டுக்கும் எழுதுகிறவரின் நோக்கம், கேட்பவரைப் பாடுபவராக மாற்றுவது. அதனால் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த மெட்டில் புது வரிகளைப் போடுவது உலகெங்கும் நடக்கிறது. மெட்டு ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள் (ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த மேல் ‘ஸ’வரை) அடங்க வேண்டும், திரும்ப வரும் வரி ஒரு முறை கேட்டாலே வாயில் நிற்க வேண்டும். அமெரிக்காவின் ‘வீ ஷால் ஓவர்கம்’ (நாங்கள் வெல்வோம்) இப்படித்தான் வந்தது: தேவாலயப் பாடலாக ‘நான்’ என்று இருந்த ஒன்று, 1945-46இல் சார்ல்ஸ்டன் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ‘நாங்கள்’ என்று பாடப்பட்டு, பின்பு கறுப்பின மக்களின் சமவுரிமை இயக்கத்தின் கீதமானது. தமிழில் எழுதுகிறவர் இங்கே இன்னும் ஒரு முடிவெடுக்க வேண்டும்: ‘நாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறது, ‘நாங்கள்’ என்றால் எதிரே நிற்பவரைப் பார்த்துப் பேசுகிறது. இரண்டையும் ஒரே பாட்டில் கலந்தால் கூட்டம் தடுமாறும்.

இரண்டாவது சரணம்

முடியாத பாட்டுகள் நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: முதல் சரணத்துக்கு அடுத்து. தொடங்க வைத்த உணர்ச்சி பல்லவியில் முக்கால்வாசி செலவாகியிருக்கும், மீதி முதல் சரணத்தில் தீர்ந்திருக்கும். இரண்டாவது சரணத்துக்கு அதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்வதுதான் மிச்சம். எழுதுபவருக்கே அலுப்புத் தட்டுகிறது, மூடிவைத்துவிடுகிறார்.

உணர்ச்சி திரும்ப வரட்டும் என்று காத்திருப்பது வீண். பாட்டில் பேசுவது யார், யாரிடம், எந்த நேரத்தில் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். கோப்பைப் பாட்டில் முதல் சரணம் காலை என்றால் இரண்டாவது அன்றிரவு, அல்லது ஒரு வருடம் கழித்து. அதுவரை போனவரிடம் பேசியது இப்போது அந்தக் கோப்பையிடமே பேசலாம். அல்லது போனவர் பேசலாம். ஒன்றை மாற்றினால் பல்லவி திரும்ப வரும்போது அதே வரிகளுக்கு வேறு பொருள் ஏறும். இரண்டை மாற்றினால் கேட்பவருக்கு வழி தவறிவிடும்.

முடித்ததும் திருத்த உட்காராமல் ஒரு வாரம் ஒதுக்கி வைப்பது வழக்கம். பிறகு தாளைப் பார்க்காமல் பாடிப் பார்க்க வேண்டும். எந்த வரி நினைவுக்கு வராமல் நாக்கு தடுக்குகிறதோ, அந்த வரி முன் வரியோடு பொருளாலும் ஒட்டவில்லை, ஓசையாலும் ஒட்டவில்லை. இருபதில் மூன்று நாலு அப்படி இருப்பது சாதாரணம். அவற்றை மட்டும் மாற்றலாம். பாதிக்குமேல் மறந்துவிட்டால் திருத்திப் பயனில்லை. பல்லவியையும் மெட்டையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, இந்தப் பாட்டை யார் பாடப்போகிறார், யாரிடம் என்ற கேள்வியிலிருந்து சரணங்களைப் புதிதாகத் தொடங்குவதுதான் குறுக்கு வழி.